அந்த லொறியில இருந்தது ஆரின்ர சாமான்?

தோழர்களே, எனக்குத் தந்த தலைப்பு சட்டம். சட்டம் எண்டவுடன நித்திரை வரும். அதனால ஒரு லொறித் தரிப்பிடத்தில இருந்து தொடங்குறன்.

2023 மார்ச் கடைசியில், ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகருக்கு அருகே, ஏ5 நெடுஞ்சாலையின் கிரேஃபென்ஹவுசன் தரிப்பிடத்தில் 60க்கும் மேற்பட்ட சாரதிகள் லொறிகளை நிறுத்தினார்கள். பெரும்பாலும் ஜோர்ஜியா, உஸ்பெகிஸ்தான் நாட்டவர்கள். வேலைக்கு எடுத்தது போலந்து முதலாளி. ஓடினது மேற்கு ஐரோப்பாவில. சம்பளம் வரேல்லை. பெரிய வெள்ளியன்று முதலாளி கவச வாகனத்தோடும் தனியார் காவல் ஆட்களோடும் லொறிகளைப் பறிக்க வந்தார். பொலிஸ் தலையிட்டு வந்தவர்களைப் பிடித்தது. ஏப்ரல் கடைசியில் ஏறத்தாழ 3 இலட்சம் யூரோ சாரதிகளுக்குக் கிடைத்தது. கோடையில் அதே முதலாளியிடம் வேலை செய்த வேறு சாரதிகள், 100 பேருக்கு மேல், அதே இடத்தில் நின்றார்கள். செப்டம்பரில் சிலர் உண்ணாவிரதம் வரைக்கும் போனார்கள்.

கெட்ட முதலாளியின்ர கதையை எல்லாரும் எழுதினாங்கள். கெட்டவர்தான். ஆனா அந்த லொறிகளில இருந்தது ஆரின்ர சாமான்?

தொழிற்சாலை சரக்கை ஒரு முகவரிட்டக் குடுக்கும். ஜேர்மனியில ஸ்பெடிசியோன் எண்டு சொல்லுவினம். அவரிட்ட ஒரு லொறியும் இல்லாமலும் இருக்கலாம். அவர் தன்ர பங்கை எடுத்துக்கொண்டு இன்னொருத்தருக்குக் குடுப்பார், அவர் வேறொருத்தருக்கு. கடைசிக் கையில மிஞ்சிற காசில டீசலையும் வீதிக் கட்டணத்தையும் குறைக்க ஏலாது. குறைக்கக்கூடியது சாரதியின்ர சம்பளம்தான்.

இனிச் சட்டத்தைப் பாருங்கோ. ஐரோப்பிய ஒன்றியத்தில் பாரலொறி வைத்துத் தொழில் செய்ய 1071/2009 ஒழுங்குவிதிப்படி அனுமதி வேண்டும். முதல் லொறிக்கு 9,000 யூரோ, பிறகு ஒவ்வொன்றுக்கும் 5,000 யூரோ நிதிவசதி காட்ட வேண்டும். நன்னடத்தை, தொழில் தகைமை வேறு. விலையைத் தீர்மானிக்கிற முகவருக்கு? அப்படி ஒரு ஐரோப்பிய அனுமதி முறையே இல்லை.

ஒண்டுமே இல்லை எண்டும் சொல்லேலாது. 2020ஆம் ஆண்டின் 1057ஆம் இலக்கப் பணிப்புரை, விதி மீறப்படுவது தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டியிருந்தால், சரக்கு அனுப்புபவருக்கும் முகவருக்கும் தண்டனை விதிக்க வேண்டும் என்கிறது. நல்லது. ஆனா தண்டக் காசு அரசாங்கத்துக்குப் போகும், சாரதியின்ர கைக்கு வராது. ஜேர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டமும் இப்படித்தான். அந்தச் சட்டத்தைக் கவனிக்கிற பாஃபா அலுவலகம் விசாரிக்க இறங்கினது சாரதிகளுக்குப் பலம் தந்தது. ஆனால் அந்தச் சட்டத்தை மீறியதற்காக நட்டஈடு கேட்கும் உரிமையை அது தரவில்லை. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வேலையை வெளியே கொடுத்த நிறுவனத்தையும் பொறுப்பாக்குது. சரி, லொறிக்குள்ள படுத்தெழும்புற மனுசன் எந்த நீதிமன்றத்தில, எந்த மொழியில வழக்குப் போடுறது?

உங்களில பார்சல் வேலை செய்தவைக்கு ஒரு முன்னுதாரணம் தெரிஞ்சிருக்கும். ஜேர்மனியில 2019 கடைசியில இருந்து, துணை ஒப்பந்தக்காரர் சமூகக் காப்புறுதிப் பணம் கட்டாட்டி மேல இருக்கிற கொம்பனி பொறுப்பு. அதையே பாரலொறிகளுக்கும், முழுச் சம்பளத்துக்கும், சங்கிலியின்ர உச்சி வரைக்கும், ஐரோப்பா முழுக்கக் கேட்கவேணும். முகவருக்கும் அனுமதிப்பத்திரம் வேணும், சம்பளம் விழுங்கின சங்கிலியில நிண்டா அதைப் பறிக்கவும் வேணும். சின்ன முகவர்கள் அழிஞ்சு போவினம் எண்டு சொல்லுவினம். சாரதிக்குச் சம்பளம் குடுத்தா அழிஞ்சு போற தொழிலை நாங்கள் ஏன் காப்பாத்த வேணும்?

ஞாயிற்றுக்கிழமையில உங்கட நகரத்துக்குக் கிட்ட இருக்கிற தரிப்பிடத்துக்குப் போய்ச் சாரதிகளோட கதையுங்கோ. நாடு விட்டு நாடு போற சரக்குக்குச் சிஎம்ஆர் எண்டு ஒரு சரக்குச் சீட்டு இருக்கும். அனுப்பினவர், ஏத்திக்கொண்டு போறவர், பெறுகிறவர் பெயர் அதில இருக்கும். போனில படம் எடுத்து வைச்சிருக்கச் சொல்லுங்கோ. சம்பளம் வராத நாளில ஆரின்ர கதவைத் தட்டுறது எண்டு அதுதான் காட்டும். நடுவில நிண்ட முகவர்களின்ர பெயர் பலவேளை அதில இராது. அந்தப் பெயர்களையும் அதே சீட்டில எழுத வைக்கிறதுதான் எங்கட முதல் கோரிக்கையா இருக்கவேணும்.