போர்வெல் போட்டால் பூகம்பம் வருமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர் ஒருவர் பேசியது)

புது போர்வெல் போட்ட அன்று சி பிளாக் அம்மா ஒருவர், "இவ்வளவு ஆழம் துளைக்கிறார்களே, பூகம்பம் வராதா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அது சிரிக்கிற கேள்வி இல்லை என்று சொன்னேன். அப்படியானால் நீங்களே பேசுங்கள் என்று செயலாளர் மாட்டிவிட்டார்.

நம் போர்வெல்லால் வராது. சில நூறு அடியிலிருந்து தண்ணீரை மேலே எடுக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் நான்கைந்து கிலோமீட்டர் துளைத்து, தண்ணீரை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தினால் வரலாம். வந்தும் இருக்கிறது.

அந்த ஆழத்தில் பாறை கடும் சூடாக இருக்கும். அதன் விரிசல்களைத் திறந்து தண்ணீரைச் சுற்றவிட்டால், சூட்டை மேலே கொண்டுவந்து மின்சாரம் எடுக்கலாம். இதுதான் புவிவெப்ப மின்சாரம். புகை கிடையாது, நல்ல விஷயம்தான். பக்கத்தில் நிலப்பிளவு இருந்தால்தான் சிக்கல். வெந்நீரில் கழுவிய டம்ளரை ஈரமான சமையல் மேடையில் கவிழ்த்தால் தானாக நகரும், பார்த்திருப்பீர்கள். உள்ளே விரியும் காற்று டம்ளரை லேசாகத் தூக்க, பிடிமானம் போய்விடுகிறது. பிளவுக்குள் புகுந்த நீரின் அழுத்தமும் அப்படித்தான் பாறைகளின் பிடியைத் தளர்த்துகிறது.

2006 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சுமார் 11,500 கன மீட்டர் நீர் செலுத்தினார்கள். 3.4 அளவில் நிலம் அதிர்ந்தது. வீடுகளில் விரிசல், இழப்பீடு என்று போய், 2009-ல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

தென் கொரியாவின் போஹாங்கிலும் ஏறக்குறைய அதே அளவு நீர்தான், ஐந்து தவணையாக. நம் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்கிட்டால் ஆயிரத்துச் சொச்சம் லாரி. 2017 நவம்பர் 15 அன்று அங்கே வந்தது 5.5. பாசலைவிட ஆற்றல் ஆயிரம் மடங்குக்கும் மேல். நூறு பேருக்கு மேல் காயம். மறுநாள் நாடு முழுவதும் நடக்கவிருந்த கல்லூரி நுழைவுத் தேர்வை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். தண்ணீரின் அளவை வைத்து அதிர்வின் அளவைச் சொல்ல முடியாது என்பது அப்போது தெரிந்தது. பிளவில் ஏற்கெனவே எவ்வளவு இறுக்கம் சேர்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. அந்தப் பிளவு வரைபடத்திலேயே இல்லை.

என்னை உறுத்துவது வேறு. அதே ஏப்ரலில் 3.2 அளவில் ஒரு அதிர்வு வந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகும் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நீர் செலுத்தினார்கள். பம்பை நிறுத்தி இரண்டு மாதம் கழித்துத்தான் பெரியது வந்தது. அரசு நியமித்த குழு 2019 மார்ச்சில், காரணம் அந்தத் திட்டமே என்று சொன்னது.

போஹாங் படங்களைப் பார்த்தால் நமக்குப் பழக்கமான காட்சிதான்: கீழே சுவரில்லாமல் தூண்கள், கார்கள், மேலே வீடுகள். பல கட்டடங்களில் அந்தத் தூண்கள்தான் நொறுங்கின. நம் ஏ பிளாக் பார்க்கிங்கில் கேபிள் இழுக்க யாரோ இரண்டு தூண்களைத் துளைத்திருக்கிறார்கள். சரிசெய்யப் பொருளாளர் கொட்டேஷன் வாங்கிவிட்டார். இன்று ஒப்புதல் கொடுத்துவிடுங்கள்.