ஜீவனாம்சமும் பிள்ளையின் பொறுப்பும்

முத்திரைத் தாளில் கணவனும் மனைவியும் கையொப்பமிட்டு, ஊர்ப் பெரியவர்கள் நால்வர் சாட்சிக் கையெழுத்தும் வைத்துவிட்டால் விவாகம் ரத்தாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்த கணவன் வேறொரு பெண்ணை மணந்துகொள்கிறான். எழுதி வாங்கிக்கொண்ட மனைவி பிள்ளையோடு பிறந்த வீட்டில் தங்கிவிடுகிறாள். சில ஆண்டுகள் கழித்துச் சொத்துப் பிரிவினை வரும்போது, அந்தக் காகிதத்தை யாரேனும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுகிறார்கள். அது செல்லாது என்று அவர் சொல்லும் நேரத்தில், அதை நம்பி அமைந்த இரண்டு குடும்பங்களும் கலங்கி நிற்கின்றன.

விவாகரத்து வழி நம் பகுதிக்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டிலேயே இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழி செய்த சட்டம் ஒன்று பிறந்தது. அதன் இடத்தில் 1955-ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டம் வந்தது. இச்சட்டத்தின்படி விவாகத்தை முறிப்பது நீதிமன்றத்தின் தீர்ப்பாணையே. சில சமூகங்களில் வழிவழியாக வரும் தீர்த்துவிடும் வழக்கத்தைச் சட்டம் விட்டுவைத்திருப்பது உண்மைதான். ஆனால் அவ்வழக்கம் நெடுங்காலமாக இடையறாது இருந்துவருகிறது என்பதைச் சாட்சியங்களால் மெய்ப்பிக்க வேண்டும்; அது எளிதான காரியமன்று. மெய்ப்பிக்க இயலாதபோது இரண்டாம் மணம் செல்லாததாகிறது. அதைச் செய்தவர் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் உள்ளாகலாம். அந்த மணத்தில் பிறந்த பிள்ளைகளை மட்டும் சட்டம் கைவிடவில்லை. அவர்கள் முறைப்படி பிறந்தவர்களாகவே கருதப்படுகிறார்கள்.

இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினால் அதற்கும் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வழி ஏற்பட்டது. ஓராண்டேனும் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுச் செய்து 6 மாதம் கழிந்தபின், 18 மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து கேட்க வேண்டும். தக்க காரணம் இருப்பின் அந்த 6 மாதத் தவணையை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்சநீதிமன்றம் கூறியது. தீர்ப்பு வரும் வரையில் ஒருவர் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் மறந்துவிடலாகாது. முதல் மனுவை நம்பி அடுத்த முகூர்த்தத்துக்கு நாள் பார்ப்பது விவேகமாகாது.

இனி ஜீவனாம்சம். முன்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவாக இடம்பெற்றிருக்கும் விதி எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. மணமுறிவு பெற்ற முஸ்லிம் பெண்களும் அதன்கீழ் வரலாம் என்பதை 2024-இல் உச்சநீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது. தன்னைக் காத்துக்கொள்ள இயலாத மனைவி, விவாகரத்துப் பெற்று மறுமணம் செய்துகொள்ளாதவள், வயது வராத பிள்ளைகள், முதிய தாய் தந்தையர் ஆகியோர் அதன்கீழ்க் கேட்கலாம். மனைவி தான் வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். கணவனுடைய ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடைக்காது என்று சில முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த வரம்பு 2001-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. வருமானத்தை மறைப்பதுதான் இத்தகைய வழக்குகளில் பெரும் தொல்லை. மணப்பேச்சு நடந்தபோது மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கூட்டிச் சொன்ன குடும்பமே, வழக்கு வந்ததும் அவருக்கு வேலையே இல்லை என்று சொல்லும் விந்தை உண்டு! ஆகவேதான் 2020-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், இரு தரப்பினரும் தத்தம் சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், ஜீவனாம்சத்தை மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றும் வகுத்தது. உடல் வலிவுள்ள கணவன் கூலி வேலை செய்தேனும் மனைவி மக்களைக் காக்கக் கடமைப்பட்டவன் என்பது 2022-இல் அந்நீதிமன்றம் கூறிய கருத்து.

பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வினாவிலே தவறான எண்ணங்கள் மிகுதி. 5 வயது நிறைந்தவுடன் பிள்ளை தந்தைக்கே உரியது என்பது அவற்றுள் ஒன்று. 1956-ஆம் ஆண்டுச் சட்டம், 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. 5 வயதுக்குப்பின் தந்தையிடம் போக வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அதே சட்டம், தந்தையை இயற்கைப் பாதுகாவலர் என்றும், அவருக்குப் பின் தாய் என்றும் கூறியது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்சநீதிமன்றம் இதை ஆராய்ந்து, தந்தை இறந்த பின்பே தாய் பாதுகாவலர் ஆவாள் என்று பொருள் கொள்ளலாகாது, அவர் இருந்தும் அக்கறை கொள்ளாதபோதும் தாய் பாதுகாவலரே என்று விளக்கியது. எந்த நிலையிலும் பிள்ளையின் நலமே தலையாயது. விவரம் தெரிந்த பிள்ளையாயின் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்டறிவார். தாய்க்கு வருமானம் குறைவு என்ற ஒரே காரணத்தால் பிள்ளையை அவளிடமிருந்து பிரிப்பது நியாயமாகாது; அந்தக் குறையை நிரப்பத்தானே தந்தையின் ஜீவனாம்சம் இருக்கிறது?

இவ்விடத்திலேதான் பெற்றோர் இருவருமே பிழை செய்கிறார்கள். “பிள்ளையைக் காட்டினால்தான் பணம் தருவேன்” என்கிறார் தந்தை. “பணம் கட்டினால்தான் பிள்ளையைக் காட்டுவேன்” என்கிறாள் தாய். இரண்டுமே சட்டத்துக்கு மாறானவை. பிள்ளையின் உணவுக்கும் படிப்புக்கும் உரிய பணம் பிள்ளைக்குச் சேர வேண்டியது. தந்தையைக் காண்பதும் பிள்ளைக்கு வேண்டியதே. ஒன்றை மற்றொன்றுக்கு விலையாக வைக்க எவருக்கும் உரிமையில்லை. பணம் வராவிட்டால் வசூலுக்கு மனுச் செய்ய வேண்டும். பார்க்க விடாவிட்டால் சந்திப்பு உத்தரவை நிறைவேற்றக் கேட்க வேண்டும். இதனால் மற்றொன்றும் விளங்கும். மனமொத்துப் பிரியும்போது சில பெண்கள், எப்படியாவது விடுபட்டால் போதும் என்ற வேதனையில், “எனக்கும் வேண்டாம், பிள்ளைக்கும் வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தன் உரிமையை அவள் விட்டுக்கொடுத்தாலும், பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவளால் ஆகாது. அத்தகைய பத்திரம் இருந்தாலும் பிள்ளையின் பேரில் மனுச் செய்யலாம்.

உத்தரவு கிடைத்தபின்னும் பணம் வராவிட்டால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். சிறை சென்றதால் பாக்கி தீர்ந்துவிடாது. கடன் கடனாகவே நிற்கும். ஆனால் வசூலுக்கான மனுவைத் தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். ‘இன்று தருவார், நாளை தருவார்’ என்று காத்திருந்து, இந்த வழியையே இழந்துவிடும் பெண்கள் பலர். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், அவர்கள் வருமானம் எதுவாயினும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். செல்லும்போது திருமணச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, கணவரின் வேலை, வருமானம் பற்றிக் கையிலுள்ள எந்தத் தாளாயினும் எடுத்துச் செல்லுங்கள். அந்த முத்திரைத் தாள் இருந்தால், அதையும்.