ஒரு பவுண்டுக்கு வந்த களஞ்சியம்



லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அதன் வடக்கு ஓடுபாதைக்கு அப்பால், நடந்தே போகும் தூரத்தில் ஹார்மண்ட்ஸ்வொர்த் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே நிற்கும் தானியக் களஞ்சியத்தை 1426 வாக்கில் கட்டினார்கள். நீளம் 58 மீட்டர், அகலம் ஏறக்குறைய 12 மீட்டர். கல் பீடங்களின் மேல் ஓக் மரத் தூண்கள் இரண்டு வரிசையாக எழுந்து, கோயில் மண்டபம்போல் நடுவே அகன்ற பாதை விட்டுக் கூரையைத் தாங்குகின்றன. மரங்களில் பெரும்பகுதி அன்றைய தச்சர்கள் செதுக்கி நிறுத்தியவை. கவிஞர் ஜான் பெட்ஜமன் இதை மிடில்செக்ஸ் மாவட்டத்தின் பேராலயம் என்று வர்ணித்தார்.

ஆனால் இது வழிபாட்டுக்கென எழுந்த கட்டடமல்ல. வின்செஸ்டர் கல்லூரி என்ற பழைய பள்ளிக்கு இந்த ஊரில் நிலம் இருந்தது. அங்கு விளைந்த கோதுமையையும் பார்லியையும் ஓட்ஸையும் கதிர்க்கட்டாகவே கொண்டுவந்து அடுக்க ஓர் இடம் வேண்டும். மழை ஓயாத நாட்டில் வெட்டவெளியில் களம் போட முடியாது. ஆகவே அடுக்குவது, அடிப்பது, தூற்றுவது எல்லாமே கூரைக்குள். 1970-கள் வரை இது விவசாயத்துக்கே பயன்பட்டது.

இன்று நான் பேச வந்தது இதன் அழகைப் பற்றியல்ல, செலவைப் பற்றி.

2006-இல் இதன் உரிமையாளரான நிறுவனம் நொடித்துப்போனது. சொத்தைத் தீர்க்க வந்தவர்கள், ஹில்லிங்டன் நகராட்சிக்கும், பழம்பெரும் கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பாக அப்போது இருந்த இங்கிலீஷ் ஹெரிடேஜுக்கும், ஒரே ஒரு பவுண்டுக்குத் தருவதாகச் சொன்னார்கள். இரு தரப்பும் வேண்டாம் என்றன. ஜிப்ரால்டரில் பதிவுபெற்ற ஒரு நிறுவனம் அதே ஒரு பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. ஹீத்ரோவின் மூன்றாவது ஓடுபாதை வந்தால் நஷ்டஈடு கிடைக்கும் என்ற கணக்கு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அதிகாரிகளைத் திட்டுவது சுலபம். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. யானையை ஒரு ரூபாய்க்குக் கொடுத்தால் யார்தான் வாங்குவார்? தீனி போட வேண்டியவர் வாங்குகிறவர்தானே. அரசு வரவு செலவுத் திட்டத்தில் வாங்கும் விலை ஒரு தலைப்பு, பராமரிப்பு இன்னொரு தலைப்பு. முதல் தலைப்பில் ஒரு பவுண்டு. இரண்டாவதில் முடிவே தெரியாத செலவு. அதைப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பாடம். மரக் களஞ்சியத்துக்கு எமன் தண்ணீர். கூரை ஓடு ஒன்று நழுவும். மழை உள்ளே இறங்கி, தூணும் உத்தரமும் கூடும் மூட்டில் தேங்கும். ஓக் மரம் ஐந்நூறு ஆண்டு தாங்கும், ஆனால் இடைவிடாத ஈரத்தைத் தாங்காது. மூட்டு உளுத்தால் கூரையின் பாரம் பக்கத்துத் தூணுக்குப் போகும். ஏணி வைத்து ஓட்டை மாற்றினால் முடிந்திருக்கும் காரியம், சில குளிர்காலங்களுக்குள் சாரம் கட்டி மரமே மாற்றும் வேலையாகிவிடும். புதிய உரிமையாளர் காலத்தில் பராமரிப்பு நின்றுபோனது. 2009-இல் இங்கிலீஷ் ஹெரிடேஜ் தானே முன்வந்து சுமார் 30,000 பவுண்டுக்கு அவசரப் பழுதுபார்ப்பு செய்தது. அந்தப் பணத்தை உரிமையாளரிடம் கேட்டு வழக்கு வரை போனது. 2011 இறுதியில் சமரசம் ஏற்பட்டு, 20,000 பவுண்டு கொடுத்துக் களஞ்சியத்தையே அது வாங்கியது. முழுச் சீரமைப்புக்கு ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் ஆனது.

இத்தனைக்கும் இது முதல் தரப் பட்டியலில் இடம்பெற்ற கட்டடம். இங்கிலாந்தின் கட்டடப் பட்டியலில் அதைவிட உயர்ந்த தரம் இல்லை. அந்தப் பட்டியல் தரும் காப்பு ஓர் ஆணியை அனுமதியில்லாமல் பிடுங்க விடாது. ஆனால் நழுவிய ஓட்டைத் திரும்ப வைக்க யாரையும் அனுப்பாது. பழுதுபார்க்கச் சொல்லி அறிவிப்பு கொடுக்கலாம், அதற்கும் அசையாவிட்டால் கட்டாயமாகக் கையகப்படுத்தலாம் என்று சட்டம் சொல்கிறது. எடுத்த மறுநாள் முதல் செலவு தங்கள் தலையில் என்பதால் நகராட்சிகள் அந்த ஆயுதத்தை உறையிலேயே வைத்திருக்கின்றன.

துணிந்தவர்களும் உண்டு. எசெக்ஸில் காகஷல் ஊரில், துறவி மடம் ஒன்றுக்குச் சொந்தமாயிருந்த பழங்காலக் களஞ்சியம் இடிந்து விழும் நிலையில் இருந்தபோது, பிரெய்ன்ட்ரீ மாவட்ட மன்றம் 1982-இல் அதைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. சீரமைத்து, 1989-இல் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அதே எசெக்ஸில் கிரெசிங் டெம்பிளில், டெம்ப்ளர் வீரத் துறவிகள் 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய இரண்டு களஞ்சியங்களை கவுன்டி மன்றம் 1987-இல் விலைக்கு வாங்கியது. இன்று அங்கே கல்யாணங்கள் நடக்கின்றன. பழம்பொருள் ஆர்வலர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். வாடகை வராத கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு அரசிடம் கையேந்தி நிற்க வேண்டும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

அரசு ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும் கூத்தும் உண்டு. பழைய களஞ்சியத்தைப் பழுது பார்த்தால் 20 சதவீதம் வாட் வரி. பக்கத்திலேயே புது வீடு கட்டினால் வரி பூஜ்யம். தேவாலயங்களுக்கு அந்த வரியை ஈடுசெய்ய 2001-இல் ஒரு மானியத் திட்டம் வந்தது. களஞ்சியங்களுக்கு அது கிடைக்கவில்லை. பெட்ஜமன் பேராலயம் என்று சொன்னது வரி அலுவலகத்தில் செல்லுபடியாகவில்லை.

எனக்குப் பிடித்த ஏற்பாடு யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பகுதியில் வந்தது. அங்கே வயலுக்கு வயல் சின்னக் கல் கொட்டகைகள். கீழே மாடு, பரணில் உலர்ந்த புல். பேராலயம் என்று யாரும் பாடாதவை. 1989-இல் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் இவற்றுக்கும் கல் வேலிகளுக்கும் மானியம் தொடங்கியது. 2018-இல் ஐந்து தேசியப் பூங்காக்களில் தொடங்கிய சோதனைத் திட்டத்தில் செலவின் 80 சதவீதம் வரை அரசே கொடுத்தது. பழைய முறைப்படி, அந்த ஊர்க் கல்லாலும் மரத்தாலும் சீர் செய்ய வேண்டியிருந்தது. மீதிப் பணம் விவசாயியின் கையிலிருந்து வருவதால் அடுத்த மழையில் ஓடு நழுவினால் அவரே கவனிப்பார். கட்டடம் சாகக் கிடக்கும்போது வந்து சேரும் லட்சங்களைவிட இந்தச் சின்னச் சின்னத் தொகைகளே அதிகம் காப்பாற்றும் என்பது என் எண்ணம்.

ஹார்மண்ட்ஸ்வொர்த்துக்கு வருவோம். மூன்றாவது ஓடுபாதைக்கு 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு மறுபடியும் ஆதரவு தெரிவித்தது. அது வந்தால் கிராமத்தில் பல வீடுகள் இடிபடும். களஞ்சியத்தைத் திறந்து காட்டுவது சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தப் பக்கத்து மனிதர்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, மாதத்தின் இரண்டாவது, நான்காவது ஞாயிறுகளில் கதவு திறப்பது அவர்கள் வழக்கம், கட்டணம் கிடையாது. லண்டனில் உறவினர் வீட்டுக்குப் போகும் நேயர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்கலாம். விமான நிலையத்திலிருந்தே பேருந்து இருக்கிறது.