துப்புரவுப் பணியும் புதிய கருவிகளும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கும் இந்நன்னாளில், விழா மேடைகளில் பலரும் பேசத் தயங்கும் ஒரு பொருளைப் பேச எடுத்துக்கொண்டோம். அது குப்பை.

நம் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்றொரு கட்டம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் அதை நிரப்பாமலே நீட்டினான். காரணம் வினவினோம், தலை குனிந்தானேயன்றி வாய் திறக்கவில்லை. அவன் தந்தை தெருவைத் துப்புரவு செய்பவர். அத்தொழிலில் இழிவில்லை, அதனைப் பிறப்போடு பிணைத்ததே இழிவு. 2020-ஆம் ஆண்டில் தமிழக அரசு துப்புரவுப் பணியாளரைத் 'தூய்மைப் பணியாளர்' எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறியது நன்று. நிலையும் மாற வேண்டாமா?

இன்று அத்தொழிலுக்குள் மின்னணுக் கருவிகள் நுழைகின்றன. நம் திருநெல்வேலியும் 2017-இல் மத்திய அரசின் சீர்மிகு நகரத் திட்டத்தில் இடம் பெற்றது. குப்பைத் தொட்டியின் மூடியில் பொருத்தப்படும் உணர்கருவி, செவிக்கு எட்டாத ஒலியை உள்ளே செலுத்தி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொட்டி எவ்வளவு நிரம்பியுள்ளது என அறிவிக்கும். வண்டியில் உள்ள ஜி.பி.எஸ். கருவி, செயற்கைக்கோள்களின் துணையால் வண்டி நிற்குமிடத்தைக் காட்டும்.

இவற்றால் நன்மை உண்டு. பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் என விரிந்த மாநகரில், நிரம்பாத தொட்டியை நாடி வண்டி வீணே அலைவது குறையும். அள்ளப்படாத குப்பை மழைநீரோடு இறங்கித் தாமிரபரணியைச் சேர்வதும் குறையும்.

ஆயின், தொட்டியைப் பார்த்த கருவி மனிதனைப் பார்க்கத் தொடங்கினால்? சண்டிகரில் 2020-ஆம் ஆண்டில் துப்புரவுத் தொழிலாளரின் கையில் இருப்பிடம் காட்டும் கடிகாரம் கட்டப்பட்டது. தொழிலாளர் எதிர்த்துக் குரல் எழுப்பினர். ஒருவர் எத்தனை நிமிடம் நின்றார் என்பதை அக்கருவி சொல்லும்; கையுறையின்றி நின்றாரா, குடிநீரின்றி நின்றாரா என்பதைச் சொல்லாது. தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமை துடைப்பம் ஏந்திய கைக்கும் உரியது.

மனிதக் கழிவை மனிதன் அகற்றுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சாக்கடைக் குழியில் உயிரிழப்போரின் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமென 2023-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வானத்துக் கோளைக் கொண்டு வண்டியைத் தேடும் அறிவியல், குழிக்குள் மனிதன் இறங்காமல் காப்பதற்கன்றோ முதலில் பயன்பட வேண்டும்? கேரளத்து இளம் பொறியாளர்கள் அதனைச் செய்து காட்டினர். அவர்கள் அமைத்த 'பாண்டிகூட்' இயந்திரம் 2018-இல் திருவனந்தபுரத்தில் சாக்கடைக் குழியைத் துப்புரவு செய்யத் தொடங்கியது.

இளைஞர்களே! கருவி நல்லதா தீயதா என்பது, அதை அமைப்பவர் யார், அதன் பதிவைப் படிப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. அக்கருவியால் அளக்கப்படுவோராக மட்டும் நாம் இருந்தால் போதாது. மின்னணுவியல் பயிலுங்கள், சட்டம் பயிலுங்கள், கட்டுப்பாட்டு அறையின் நாற்காலியிலும் அமருங்கள். அமர்ந்தபின், தெருவில் நிற்பவரை மறவாதிருங்கள்.

படிவத்தை நிரப்பத் தயங்கிய அம்மாணவன் இன்று தொழிற்பயிற்சி நிலையத்தில் பயில்கிறான். அங்கே அளித்த படிவத்தில் தந்தையின் தொழிலைத் தன் கையாலேயே எழுதினானாம். அச்செய்தியே இவ்வெள்ளி விழாவில் நாம் பெற்ற பரிசு.