டார்க் ரெஞ்ச் சொல்வது பாதிதான்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில், மெக்கானிக்கல் துறை மாணவர்களிடையே ஆற்றிய உரை)



"உங்க வேலையைப் பத்தி ஏதாவது பேசுங்க"ன்னு சங்கச் செயலாளர் சொன்னார். எனக்குத் தெரிந்தது எஞ்சின். அதிலும் ஒரே ஒரு போல்ட்டைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

கிராங்க் ஷாஃப்ட்டை பிளாக்கோடு பிடித்து வைப்பது மெயின் பேரிங் கேப். அந்தக் கேப்பை இறுக்குவது மெயின் போல்ட். பந்தய எஞ்சின்களிலும், டர்போ பூட்டிச் சக்தி கூட்டிய எஞ்சின்களிலும் கம்பெனி போல்ட்டை எடுத்துவிட்டு, வெளியே கிடைக்கும் அதிக வலுவான போல்ட்டைப் போடுவார்கள். அமெரிக்காவின் ஏ.ஆர்.பி. போன்ற நிறுவனங்கள் இதற்குப் பேர்போனவை.

வம்பு இங்கேதான். போல்ட்டு புதுசு, இறுக்கும் அளவு மட்டும் பழைய மேனுவலில் பார்த்தது!

போல்ட் என்பது ஒரு ஸ்பிரிங். திருகும்போது அது மயிரிழை அளவு நீள்கிறது. அந்த நீட்சிதான் கேப்பை அழுத்திப் பிடிக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடும். ஆகவே தடவும் மசகு மாறினால் கணக்கே மாறும். 12 மி.மீ. போல்ட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குகிறோம் என்று வையுங்கள். உலர்ந்த மரையில் முறுக்குக் கெழு (K) 0.20 என்றால் பிடிவிசை சுமார் 4.2 டன். மாலிப்டினம் பசை தடவி அது 0.12 ஆனால் சுமார் 7 டன். ரெஞ்ச் இரண்டுக்கும் ஒரே 'டிக்'தான் சொல்லும்.

என்னிடம் வந்த ஒரு பந்தய எஞ்சினில் இதுதான் நடந்திருந்தது. புது போல்ட், புது பசை, பழைய அளவு. துளையை யாரும் அளக்கவில்லை. கிராங்க் பேரிங்கைக் கவ்விப் பிடித்துவிட்டது. ஓட்டிய பையன் அப்போது வளைவில் இல்லை, நேர்பாதையில் இருந்தான். பிழைத்தான்.

எனவே தம்பிகளே, தங்கைகளே, செய்ய வேண்டியது இதுதான். மரைத்துளையைச் சுத்தமாகத் துடையுங்கள். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கினால் போல்ட் இறங்கும்போது பிளாக்கே விரியும். போல்ட் தயாரித்தவர் சொல்லும் மசகை மரையிலும் தலைக்கு அடியிலும் தடவி, அவர் சொல்லும் அளவுக்கே, படிப்படியாக இறுக்குங்கள். முதலில் பேரிங் இல்லாமல் இறுக்கி, டயல் போர் கேஜால் துளையை அளங்கள். பிடிவிசை கூடினால் வட்டம் கோணும். கோணியிருந்தால் லைன் ஹோனிங் செய்தே ஆகவேண்டும். செலவுதான், என்ன செய்வது! 50 மி.மீ. ஜர்னலுக்குப் பேரிங் இடைவெளி சுமார் 0.05 மி.மீ. என்பது பந்தய எஞ்சின் கட்டுபவர்களின் கைக்கணக்கு. அதில் விளையாட இடமில்லை. கடைசியாக, ஒவ்வொரு கேப்பும் இறுக்கியபின் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பில் பிடிக்கிறது என்று கையே சொல்லும்.

நாளை வேலைக்குப் போகும் இடத்தில் ஒரு தாளை நீட்டி, "இந்த அளவுக்கு இறுக்கியாச்சு, கையெழுத்துப் போடு தம்பி" என்பார்கள். எந்த போல்ட், எந்த மசகு, துளையை அளந்தது யார் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்பதற்குத்தான் நம்மை இன்ஜினீயர் என்கிறார்கள்.