ஆடையும் மதிப்பும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் பழமொழி. உடலை மறைப்பதும் குளிரைத் தடுப்பதும் மட்டுமே துணியின் பயன் எனில், இப்பழமொழி பிறந்திராது. மாந்தர் உடையில் இத்துணை அக்கறை கொள்வது ஏன் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிய நெடுங்காலம் தடை இருந்தது. பல பத்தாண்டுகள் போராடிய பின்னரே, 1859-ஆம் ஆண்டில் அரசரின் அறிவிப்பால் அவ்வுரிமை கிடைத்தது. அப்போதும், மேற்சாதிப் பெண்டிரைப் போல் உடுத்தலாகாது என்ற நிபந்தனை நீங்கவில்லை. அப்பெண்கள் வேண்டியது மானம்.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் தம் உடையைக் குறைத்து அரையாடை பூண்டார். கதர் வாங்கவும் பொருளில்லை என்று ஏழை மக்கள் கூறியது அவர் நெஞ்சைத் தைத்திருந்தது. ஒருபுறம் ஆடையைக் கூட்டினர். மறுபுறம் ஒருவர் குறைத்தார். தாமே தேர்ந்து உடுத்தும் உடையே மதிப்பைத் தரும் என்பதை இரண்டும் உணர்த்துகின்றன.

எனவே, விலையைக் கொண்டு உடையின் நலத்தை அளத்தல் பொருந்தாது. முதலாவது, அது பருவத்திற்கு ஏற்க வேண்டும். தில்லியின் தை மாதக் குளிரில் வேட்டியின்மேல் கம்பளிச் சட்டை அணிவதால் நம் தமிழ்மை குன்றிவிடாது. இரண்டாவது, வேலைப்பாடு செம்மையாக இருத்தல் வேண்டும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடை ஓடும். நெசவாளர் அவற்றை வரிசைதோறும் கோத்து இணைப்பார். அவ்வுழைப்பை அறிந்தவர்க்கே அப்புடவையின் அருமை விளங்கும். மூன்றாவது, உடுத்துபவரின் மனம் அதற்கு இசைய வேண்டும்.

இம்மூன்றாவது அளவுகோலே வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இன்றியமையாதது. 2014-இல் சென்னையில் வேட்டி அணிந்து வந்தவர்க்கு ஒரு மன்றம் நுழைவு மறுத்தபோது நாம் மனம் கொதித்தோம். அவ்வாண்டிலேயே தமிழகச் சட்டமன்றம் இத்தகைய தடையை நீக்கிச் சட்டம் இயற்றியது. நாம் போற்றிய அவ்வுரிமை நம் பிள்ளைகளுக்கும் உண்டன்றோ? வேட்டி கட்டாதே என்று தடுப்பது தவறாயின், கட்டியே தீரவேண்டும் என்று வற்புறுத்துவதும் தவறே.

பொங்கலன்று பிள்ளைகளுக்கு வேட்டியும் புடவையும் கட்டக் கற்பிப்போம். அவற்றை நெய்த ஊரையும் உழைப்பையும் எடுத்துரைப்போம். அதன்பின் தேர்வை அவர்களிடமே விடுவோம். அறிந்து விரும்பி உடுத்தும் நான்கு முழ வேட்டி, அச்சத்தால் உடுத்தும் பட்டினும் உயர்ந்தது.