ரசீதில் ஏறும் பெயர்



ஸ்கேன் சென்டருக்குப் போகிறீர்கள். பெயர் கேட்கிறார்கள், வயது கேட்கிறார்கள். மூன்றாவது கேள்வி, "எந்த டாக்டர் அனுப்பினார்?" அந்தப் பெயர் கம்ப்யூட்டரில் ஏறுகிறது, ரசீதில் அச்சாகிறது. ரிப்போர்ட் அவருக்குப் போக வேண்டாமா என்பார்கள். சரி, போகட்டும். அதே பெயரைப் பார்த்து மாதக் கடைசியில் கவரும் போகிற இடங்கள் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். நோயாளியை அனுப்பக் கமிஷன் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2002-லேயே விதி எழுதிவிட்டது!

இனி ஆஸ்பத்திரிக்குள் வருவோம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அதனால் பிழைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். என் சண்டை வேறு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ் தொகை ஆஸ்பத்திரிக்குப் போகிறது. வந்துபோகிற சர்ஜனுக்கு அதில் எவ்வளவு? அது அவர்கள் இருவருக்கும் உள்ள ஒப்பந்தம். அந்தத் தாளை நம்மில் யாராவது பார்த்ததுண்டா? கேஸுக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால், "ஆபரேஷன் வேண்டாம்மா, மாத்திரை போதும்" என்று சொல்லும் டாக்டருக்கு அன்றைக்கு வரும்படி இல்லை. நல்ல மனுஷனையே சோதிக்கிற ஏற்பாடு இது.

வேறு வழி உண்டா? நம் மதுரையிலேயே உண்டு. 1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தில் விரல்கள் வளைந்துபோன கையோடு, 11 படுக்கை போட்டு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே டாக்டர்கள் முழுநேரச் சம்பளக்காரர்கள். காசு கட்டுகிறவர் பணத்தில் கட்ட முடியாதவருக்கும் ஆபரேஷன் நடக்கிறது. "கண்புரைக்குச் சரி, இதயத்துக்கு நடக்குமா?" என்று கேட்கிறார்கள். புரை ஆபரேஷன் போல எல்லா வைத்தியமும் ஒரே அச்சில் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டாக்டர் சம்பளத்தைக் கேஸ் கணக்கிலிருந்து பிரிப்பதற்கு உடம்பில் எந்த உறுப்பய்யா தடை சொல்கிறது?

காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், டாக்டருக்கு மாதச் சம்பளமா, கேஸுக்குப் பங்கா என்று வாசலில் பலகை வைக்கட்டும். வைக்காத ஆஸ்பத்திரிக்குப் பட்டியலில் இடம் இருக்கக் கூடாது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் இதைத்தான் கேட்கப் போகிறோம். மனு அந்த மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.